சிமெண்டுக்குக் கீழே இரண்டு தட்டல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்க் காப்பி கலக்கிக்கொண்டு வருகிற ஆள் நான். எங்கள் வீடு உலு திராமில், கத்தோலிக்கக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், அதற்கு மேல் மறு உலகத்தோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. படித்தது நிலவியல். செத்தவர்கள் கதை சொல்வார்கள் என்றால் பாறைதான் சொல்ல வேண்டும், அதைக் கேட்கக் கையில் சுத்தியல் வேண்டும் என்று நம்பியவள். இப்போது நான் சொல்லப் போவதற்கு என் கணவரே சிரிக்கிறார், நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் கோபம்தான், ஆனால் அதை விடுங்கள். இருட்டில் நடந்திருந்தால் என் கண்ணைக் குறை சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பேன். நடந்ததெல்லாம் பட்டப்பகலில்.

நான் வேலை பார்த்தது மண் பரிசோதனை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில். பெக்கோக்கிலிருந்து உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லாரிப் பாதை திடீரென்று உள்வாங்கிவிட்டது, பழ லாரி ஒன்றின் பின்சக்கரம் புதைந்துபோனது. கீழே வெற்றிடம் இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்த்து, இருந்தால் சிமெண்டுக் குழம்பை ஊற்றி அடைத்துவிட்டு வர வேண்டும். வெற்றிடம் இருக்கும் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பாதைக்குப் பக்கத்துக் குன்றில் பழைய தங்கச் சுரங்கம் இருந்தது.

சுரங்கம் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். அந்தக் குன்று முழுக்கக் கருஞ்சாம்பல் நிறத்தில் ஏடு ஏடாக உரியும் பாறை. எப்போதோ அதன் அடியில் கருங்கல் குழம்பு பொங்கி வந்து நின்றபோது, அந்தச் சூட்டில் கொதித்த தண்ணீர் விரிசல்களில் ஏறி, ஆறும்போது வெள்ளைப் படிகக் கல்லை வரிவரியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறது, கெட்டில் வாயில் உப்புப் படிகிற மாதிரி. அந்த வெள்ளை நரம்புக்குள்தான் தங்கம், அதுவும் கண்ணுக்கே தெரியாத தூசியாக. அதைவிட அதிகமாக இருப்பது தங்கம் போலவே மின்னும் கந்தகக் கல். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது எங்களுக்குப் பழமொழி இல்லை, முதல் வருடப் பாடம். அதோடு ஆர்சனிக் கலந்த சாம்பல் நிறக் கல் ஒன்றும் இருக்கும். அதைச் சுத்தியலால் அடித்தால் பூண்டு வாசனை வரும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு சின்ன கம்பெனி அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டு குன்றைக் குடைந்தது. கொஞ்ச தூரத்தில் பாறை நழுவி நரம்பு அறுந்துவிட்டது. அறுந்த முனை எங்கே என்று தெரியாமல் கண்ட திசையில் எலி வளை மாதிரி தோண்டினார்கள், அப்படித் தோண்டியதில் ஒன்றுதான் எங்கள் பாதைக்குக் கீழே வந்திருந்தது. தோண்டியவர்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கூலிக்கு அனுப்பப்பட்ட நம் ஆட்கள். ஒரு நாள் ஊற்று உடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்தது. துரை முதலில் வெளியே எடுக்கச் சொன்னது தண்ணீர் இறைக்கும் பம்பை என்றும், அதற்கப்புறம் ஆட்களை எடுக்க நேரம் இருக்கவில்லை என்றும் தோட்டத்தில் சொல்வார்கள். எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. கல்லறை கிடையாது, பேர் கிடையாது. மேலே மறுபடி ரப்பர் நட்டார்கள், பிறகு செம்பனை.

வேலை தொடங்கிய அன்றே சுமதி என்றொரு பெண் என்னைத் தேடி வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும், உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிற வேலை. உடம்பெல்லாம் செம்மண், ஆனால் நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் பூ, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அந்தக் கோலத்தில் யாராவது பழம் பொறுக்குவார்களா என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"அக்கா, நீங்கதான இங்க பெரியவங்க? சிமெண்ட் ஊத்துறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவ பாருங்கக்கா. என் வீட்டுக்காரரு உள்ள இருக்காரு."

அவள் புருஷன் கணேசன் போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் வீட்டை விட்டுப் போனவன், திரும்பவில்லை. எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவன், அங்கே இயந்திரத்தில் வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போன பிறகு வேலையும் போய்விட்டது. போலீஸ் வந்து பழைய சுரங்கத்தின் வாயில் நின்று எட்டிப் பார்த்தார்கள், மழையில் தண்ணீர் ஏறி நிறைந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். கணேசனின் அம்மா பாக்கியம் மட்டும் ஒரே பிடியில் நின்றாள். என் மகன் சிங்கப்பூரில் யாரோ ஒருத்தியோடு இருக்கிறான், இவள் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் ஓடிவிட்டான், உயிரோடுதான் இருக்கிறான். உயிரோடு இருக்கிறவன் பெண்டாட்டி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இரு என்று தினமும் காலையில் அவளே பொட்டு வைத்து, பூச்சூட்டி, வளையலை மாட்டி அனுப்புவாள். சத்தம் கேட்க வேண்டுமாம். ஒரு வளையல் உடைந்தால் அன்று சோறு கிடையாது. தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் அந்தச் சத்தம் கேட்டதும், "ஓடிப்போனவன் பொண்டாட்டி வரா" என்பார்கள். கல்லுக்குள் ஈரம் இருப்பதை நான் ஆய்வுக்கூடத்திலேயே பார்த்திருக்கிறேன், அந்தப் பாக்கியத்திடம்தான் பார்க்கவில்லை.

"அவரு ஓடிப்போகல அக்கா. போறதுக்கு முந்தி ஒரு மாசமா அவரு கையில பூண்டு வாசன. சோப்பு போட்டு கழுவினாலும் போகல. அவரு சமையக்கட்டு பக்கமே வர மாட்டாரு."

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஆர்சனிக்கும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது. ஆனால் அவள் சொன்னது சரியென்றால் கணேசன் அந்த நரம்பை உடைத்துக்கொண்டிருந்தான், உள்ளே போயிருந்தான்.

முதல் துளை பாறையைத் தாண்டியதும் ராடு, அதாவது துளைக்கிற இரும்புக் குழாய், ஒரு ஆள் உயரத்துக்கு மேல் சட்டென்று கீழே விழுந்தது. வெற்றிடம். கேமராவைக் கட்டி இறக்கினேன், தண்ணீர் தே தாரேக், அதாவது பால் டீ நிறத்தில் கலங்கிக் கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை. சுமதி தூரத்தில் பழம் பொறுக்குகிற மாதிரி பாவனை செய்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைப் பிதுக்கிக் காட்டினேன்.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். துளை போடும் இயந்திரம் போடுகிற சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் துளைக்குப் பக்கத்தில் நிற்பவர் ஸ்பேனரால் குழாயைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் தூக்கு. இயந்திரத்தில் இருப்பவர் அதே கணக்கில் திருப்பித் தட்ட வேண்டும். 'கேட்டது, செய்கிறேன்' என்று அர்த்தம். பதில் தட்டிவிட்டால் செய்தே ஆக வேண்டும், அதை நம்பித்தான் மற்றவன் கையை வைப்பான், எடுப்பான். பதில் தட்டிவிட்டு ஏமாற்றினால் கை போகும், உயிரும் போகும்.

எங்கள் இயந்திரக்காரர் முனியாண்டி அண்ணன் இந்த வழக்கத்தில் தலை நரைத்தவர். அன்று சாப்பாட்டு நேரம், இயந்திரத்தை நிறுத்தியாகிவிட்டது, உதவிக்கு இருந்த வங்காளதேசத்து ஆட்கள் இருவரும் லாரி நிழலில் படுத்திருந்தார்கள். அண்ணன் இயந்திரத்தில் சாய்ந்துகொண்டு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தார், நான் குழாயிலிருந்து நாலடி தள்ளி நின்றிருந்தேன். குழாயைத் தொட யாருமே இல்லை.

டங், டங்.

அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கையில் சோறு, மறு கையால் ஸ்பேனரை எடுத்து, பழக்கத்தில், டங் டங் என்று பதில் தட்டிவிட்டார். தட்டிய பிறகுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் இரண்டு கையும் சட்டைப் பைக்குள் இருந்தன.

"மிஸ், நீங்க தட்டல?"

நான் பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து தட்டல் வந்துவிட்டது. இந்த முறை இரண்டு இல்லை. இரண்டு இரண்டாக, விடாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பல பேர் ஒரே குழாயில் தட்டுகிற மாதிரி அவசர அவசரமாக. கேட்டுவிட்டது என்று யாரோ மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள் இல்லையா, அந்த அவசரம். அண்ணனின் சோற்றுப் பொட்டலம் மண்ணில் கிடந்தது.

"அலமாக், பதில் தட்டிட்டேனே மிஸ். நான் பதில் தட்டிட்டேனே."

நான் படித்தவள் இல்லையா, உடனே காரணம் தேடினேன். தண்ணீர் ஓட்டத்தில் குழாய் ஆடிப் பாறையில் மோதலாம், வாயுக் குமிழி வரலாம். எல்லாம் சரி, ஆனால் நாங்கள் பதில் தட்டியதும் தண்ணீருக்கு எப்படித் தெரிந்தது? தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டேன். வந்தார்கள். அவர்கள் நின்ற நேரம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. மாதக்கணக்காகத் தண்ணீர் நிறைந்த இடத்தில் எவன் உயிரோடு இருப்பான் என்று ஒருவர் கேட்டார். சிரிக்காமல் இருக்கப் பாவம் ரொம்பக் கஷ்டப்பட்டார்.

மறுநாள் எங்கள் தவுக்கே, கம்பெனி முதலாளி, தானே வந்துவிட்டார். தோட்டத்து நிர்வாகம் அவசரப்படுத்துகிறதாம். குழாயில் காதை வைத்துக் கேட்டார். அவருக்கும் கேட்டது, முகம் மாறியதை நான் பார்த்தேன். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "அங்ஙின் சாஜா லா" என்றார் மலாயில். வெறும் காற்றாம். சிமெண்டுப் பம்பை ஓட்டச் சொன்னார். நான் குறுக்கே போய் நின்றேன், போலீஸ் வந்து ஆளைத் தேடட்டும், அதுவரை ஊற்றக்கூடாது என்று கத்தினேன். அவர் என்னைத் திட்டவில்லை. என்னைச் சுற்றி நடந்து போய்ப் பம்பின் பொத்தானைத் தானே அழுத்தினார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

சாம்பல் நிறக் குழம்பு உள்ளே இறங்க இறங்கத் தட்டல் அதிகமானது. பம்பு சத்தத்தையும் மீறிக் கேட்டது. முனியாண்டி அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு தட்டல் மழுங்கியது, மெத்தையில் குத்துகிற மாதிரி. கடைசியில் ஒன்றே ஒன்று இருந்தது, மெதுவாக, ரொம்ப நேரம் இருந்தது. அதுவும் நின்றது. குழாய் சிமெண்டில் மாட்டிக்கொள்வதற்குள் உருவிவிட வேண்டும், தவுக்கே அதட்டியதும் அண்ணன் அழுதுகொண்டே எழுந்து இயந்திரத்தைப் பிடித்தார்.

குழாய் வரவில்லை. இயந்திரம் முக்கியது, அதன் பின்பக்கம் ஒரு முழம் மேலே தூக்கிக்கொண்டது. கீழே எதுவோ தொங்குகிற கனம். அப்புறம் சட்டென்று விட்டது. சிமெண்டில் சிக்கிய குழாய் அப்படி விடாது, அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இளகும். இது பிடித்திருந்த எதுவோ கையை விட்ட மாதிரி விட்டது.

நம்பினால் நம்புங்கள். குழாயின் கடைசித் துண்டு, சிமெண்டு பூசிய பிறகு யார் கையும் படாத துண்டு, துளைக்குள்ளிருந்து மேலே வந்தபோது முழுக்க ஈரச் சிமெண்டு பூசியிருந்தது, சில இடங்களைத் தவிர. அந்த இடங்களில் வெறும் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. ஒரு பக்கம் நாலு விரல், எதிர்ப்பக்கம் கட்டைவிரல். ஒன்றின் கீழ் ஒன்றாக. பிடிக்க இடமில்லாமல் ஒரு கையின் மேல் இன்னொரு கை பிடித்திருந்த இடமும் இருந்தது. தவுக்கே பார்த்தார், உங்கள் ஆள் கையுறைத் தடம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

சுமதி ஓடி வந்தாள், பின்னாலேயே பாக்கியமும். தரையில் கிடத்தியிருந்த குழாய்ப் பக்கத்தில் சுமதி மண்டியிட்டாள். ஒவ்வொரு தடத்திலும் தன் கையைப் பொருத்தி விரல்களை எண்ணினாள். வாய்விட்டு எண்ணினாள், ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்புறம் ஒரு மூச்சு நிறுத்தி, நாலு, அஞ்சு. அடுத்தது. மறுபடி அஞ்சு. அவள் மூன்றில் நிறுத்திய ஒவ்வொரு முறையும் நானும் மூச்சைப் பிடித்தேன். கடைசித் தடத்திலும் அஞ்சு விரல் இருந்தது. கணேசனின் வலது கை அதில் இல்லை.

பாக்கியத்துக்கு அவை செத்தவர்கள் கை என்பதில் சந்தேகமே இல்லை, பயமும் இல்லை. தன் மகன் கை இல்லை, அது போதும் அவளுக்கு.

"பாத்துக்கிட்டியா? என் புள்ள உசுரோட இருக்கான். வா, போய் சோறு வடி."

சிமெண்டு காய்வதற்குள் குழாயைக் கழுவ வேண்டும் என்பது வழக்கம். அண்ணன் யாரையும் பார்க்காமல் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டார். நான் போட்டோ எடுத்தேனா என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். எடுத்தேன். பார்த்த எல்லாரும் கையுறைத் தடம் என்கிறார்கள். அண்ணன் அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது லாரி ஓட்டுகிறார். அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

பாதை நன்றாக நின்றது. துளையின் மேல்வாயில் இருந்த குட்டைக் குழாயை மட்டும், பின்னால் சோதிப்பதற்காக, மூடி போட்டுப் பாதையோரத்தில் விட்டிருந்தோம். அதைப் பார்க்க நான் போகும்போதெல்லாம் சுமதி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கையில் ஒரு கல்.

"தட்டினா பதில் வருது அக்கா. ஆனா அவரு இல்ல. அவரு கதவு தட்டுற சத்தம் எனக்குத் தெரியாதா? இவங்க வேற ஆளுங்க. பாவம், இவங்களுக்கும் வீட்டுல யாராவது காத்துக்கிட்டு இருந்திருப்பாங்க." கல்லைக் கையில் உருட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அவரு ஓடிப்போகாம செத்திருந்தா போதும்னு சாமி கும்பிடுறேன். எந்தப் பொண்டாட்டியாவது இப்படிக் கும்பிடுவாளா?"

என்னோடு வந்துவிடு, உலு திராமில் பேக்டரி வேலை வாங்கித் தருகிறேன் என்றேன். கையைப் பிடித்து இழுத்தேன் என்றே சொல்லலாம். வளையல்கள் சலசலத்தன.

"வேணாம்க்கா. நான் போனா என்னையும் ஓடிப்போனவளுன்னுதான் சொல்லும் அந்தக் கெழவி. அந்த வார்த்த என் மேல விழக்கூடாது."

அடுத்த முறை நான் போனபோது குழாய்ப் பக்கத்தில் கல் மட்டும் இருந்தது. வரிசை வீட்டுக்குப் போனேன். பாக்கியம் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவளா? எவனோடயோ ஓடிட்டா. கழுத்துல தாலி, தலையில பூ, கை நெறைய வளையல். சிங்காரிச்சிக்கிட்டுல்ல ஓடியிருக்கா."

அதைச் சொல்லும்போது அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளை அறைந்துவிட்டு ஜெயிலுக்குப் போகலாமா என்று ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன். நேராகப் போலீஸுக்குப் போய்ச் சொன்னேன். பழைய சுரங்கத்தின் வாயில் போட்டிருந்த வேலிக் கம்பி ஓரிடத்தில் விலகியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர், தே தாரேக் நிறத்தில். எட்டிப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். குடும்பத்தார் ஓடிவிட்டாள் என்று சொல்லும்போது யார் இறங்கித் தேடுவார்கள்?

திரும்பி வரும் வழியில் அந்தக் குட்டைக் குழாய்ப் பக்கம் காரை நிறுத்தினேன். சாயங்காலம்கூட ஆகவில்லை, நல்ல வெயில், தூரத்தில் பழ லாரி போகிற சத்தம். ஸ்பேனரால் மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே கை நீளத்திலேயே சிமெண்டு, கெட்டியாக, நான் பக்கத்தில் நின்று பார்க்க ஊற்றிய சிமெண்டு. நான் எதையும் தட்டவில்லை, சத்தியமாகத் தட்டவில்லை. சும்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழேயிருந்து இரண்டு தட்டல் வந்தது. மெதுவாக. ஒவ்வொரு தட்டலோடும் கண்ணாடி வளையல் சலசலத்தது.

நான் எத்தனை நேரம் அங்கே மண்டியிட்டிருந்தேன் என்று தெரியாது. ஸ்பேனர் கையில் இருந்தது. எங்கள் தொழிலில் பதில் தட்டினால் தூக்கியாக வேண்டும், நான் எதைக் கொண்டு தூக்குவேன்? அழுதேன், மூடியைத் திருகினேன், காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகும் அந்தப் பக்கம் இரண்டு தடவை போயிருக்கிறேன். பதில் வரும் வரைக்கும் விடுவதில்லை என்கிற மாதிரி அவள் தட்டிக்கொண்டேதான் இருக்கிறாள். நான் இன்னும் பதில் தட்டவில்லை.